குரலுக்கு ஒரு பக்கம்



சத்தீஸ்கர் மாநிலத்துக் காட்டு ஊர்களில் கோண்டி மொழி பேசும் மக்கள் வாழ்கிறார்கள். கோண்டி, தமிழுக்கு உறவு மொழி. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் சுமார் 30 லட்சம் பேர் இதைத் தாய்மொழி என்று சொன்னார்கள். ஆனால் அங்கே செய்தித்தாள் இந்தியில் வரும். அதிகாரி இந்தியில் பேசுவார். நூறு நாள் வேலை செய்த கூலி வரவில்லை. அதைக் கோண்டி மட்டும் தெரிந்த பெண் யாரிடம் சொல்வாள்?

2010-ஆம் ஆண்டில் சுப்ரான்ஷு சௌத்ரி என்ற பத்திரிகையாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் ஒரு வழி செய்தார்கள். அதன் பெயர் சிஜிநெட் ஸ்வரா. ஊர் மக்கள் ஓர் எண்ணுக்குப் போன் செய்தார்கள். மறுமுனையில் இருந்தது கணினி. பேச வேண்டுமா, ஒரு பொத்தான். கேட்க வேண்டுமா, இன்னொரு பொத்தான். பேசியது பதிவானது. சிலர் அதைக் கேட்டு, சரிபார்த்து, போனிலும் இணையப் பக்கத்திலும் வெளியிட்டார்கள்.

இணையப் பக்கத்தில் குரலை எப்படி வைப்பது? பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பக்கத்தை எழுதும் முறைக்கு எச்.டி.எம்.எல். என்று பெயர். கூரான அடைப்புக்குறிக்குள் 'ஆடியோ' என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அதே குறிக்குள் ஒலிக்கோப்பின் பெயரையும் எழுத வேண்டும். 'கன்ட்ரோல்ஸ்' என்ற சொல்லையும் சேர்த்தால், ஓட்டவும் நிறுத்தவும் பொத்தான்கள் வரும். கடைசியில் சாய்வுக்கோடு போட்டு 'ஆடியோ' என்று மறுபடி எழுதி மூட வேண்டும். அவ்வளவுதான். 2014-இல் இது உலகப் பொது விதியானது. அதற்கு முன் பல கணினிகளில் ஒலி கேட்கத் தனி மென்பொருள் தேவைப்பட்டது.

கோப்பின் பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் சத்தம் வராது. அதனால் எழுத்துக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

கோப்பின் எடையும் முக்கியம். ஒரு நிமிடப் பேச்சை 'வேவ்' வகையில் நல்ல தரத்தில் வைத்தால் சுமார் 10 எம்.பி. ஆகும். 'எம்.பி.3' வகையில் சுருக்கினால் 1 எம்.பி. போதும். பேச்சு மட்டும் என்றால் பாதியாகவும் சுருக்கலாம். சிக்னல் குறைந்த ஊரில் இது பெரிய உதவி.

பக்கத்தைத் திறந்ததும் தானாகக் கத்தும்படி ஒலியை வைப்பவர்களும் உண்டு. அது கல்யாண வீட்டு மைக்செட் மாதிரி. கேட்பவர் விரும்பித்தான் பொத்தானை அழுத்த வேண்டும்.

ஒலிக்குக் கீழே நாலு வரி எழுதவும் வேண்டும். காது கேளாதவருக்கு அதுதான் செய்தி. அந்த மொழி தெரியாதவருக்கும் அதுதான் வழி. ஸ்வராவில் அப்படித்தான் செய்தார்கள். இன்ன ஊர், இன்ன குறை என்று எழுதினார்கள். பல பதிவுகளில் அதிகாரியின் போன் எண்ணும் இருந்தது. தூரத்து ஊர்களில் கேட்டவர்கள் அந்த எண்ணுக்குப் பேசினார்கள். 'அந்த ஊர்க் கூலி என்ன ஆயிற்று, ஐயா?' என்று கேட்டார்கள். பல குறைகள் அப்படித் தீர்ந்தன. எல்லாம் தீரவில்லை.

கூலி வந்ததும், 'வந்துவிட்டது' என்று சொல்லவும் மக்கள் அதே எண்ணுக்குப் போன் செய்தார்கள். அந்தக் குரலும் பக்கத்தில் ஏறியது.