பிறந்த குழந்தையின் முதற் பாடம்



சென்ற ஆண்டு என் மகளுக்குக் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் அது அழுதபோது தூக்கச் சென்றவளை, “அதற்கென்ன விளங்கும் மகள்? சற்று அழட்டும்” என்று தடுத்தவன் நானே. ஏடு தொடக்கிய பின்னரே பிள்ளை கற்கும் என்று எண்ணிவந்த பாடசாலை அதிபர் வேறு எதைச் சொல்வார்?

உணவுக்கு முன் ஓர் ஒலியைப் பலமுறை கேட்ட நாய், பின்னர் அவ்வொலியைக் கேட்டதுமே உமிழ்நீர் சுரந்ததை இரசிய அறிஞர் பவ்லோவ் காட்டினார். இதனை நிபந்தனைப்படுத்தல் என்பர். பிறந்த சிசுவிடமும் இது நிகழுமா?

1984ஆம் ஆண்டில் பிளாஸ், கன்ச்ரோ, ஸ்டைனர் என்னும் அறிஞர் மூவர் தம் ஆய்வை வெளியிட்டனர். பிறந்து 2 மணி முதல் 48 மணி நேரமேயான சிசுக்களின் நெற்றியை மெல்ல வருடி, உடனே வாயிற் சிறிது சீனிக் கரைசலை இட்டனர். பலமுறை இவ்வாறு செய்தபின், வருடிய மாத்திரத்தே சிசுக்கள் தலையைத் திருப்பின; வாயைச் சப்பின. வேறு சில சிசுக்களுக்கு வருடலும் இனிப்பும் ஒன்றையொன்று ஒட்டி வரவில்லை. அவை இவ்வாறு பழகவில்லை. ஆகவே இனிப்பு மட்டும் ஆசிரியனன்று. ஒன்றன்பின் ஒன்று தவறாது வந்த ஒழுங்கே ஆசிரியன்.

அடுத்து நிகழ்ந்ததே என்னைத் திகைக்கவைத்தது. நெற்றியை வருடினர், கரைசலை இடவில்லை. பழகிய சிசுக்களிற் பெரும்பாலானவை அழுதன. மற்றையவற்றிடம் அத்தகைய அழுகை அரிதாகவே காணப்பட்டது. எதிர்பார்த்தது வாராமையால் எழுந்த அழுகை என்றே இதனைக் கொள்ளத் தோன்றுகிறது. இரண்டு நாட் சிசுவுக்கு ஏமாற்றமா என்று நீங்கள் நகைக்கலாம். நானும் நகைத்தேன், பின்னர் மறுமுறை வாசித்தேன்.

இன்னொரு வகைக் கற்றலும் உண்டு. தன் செயலின் பயனைக் கண்டு அச்செயலை மாற்றுதல் அது. டிகாஸ்பர், பைபர் என்போர் 1980இல் வெளியிட்ட ஆய்விலே, மூன்று நாளும் நிரம்பாத சிசுக்கள் சூப்பியைச் சூப்பும் இடைவெளியை மாற்றின. ஒருவகை இடைவெளிக்குத் தாயின் குரல் ஒலித்தது. மறுவகைக்குப் பிறிதொரு பெண்ணின் குரல். சிசுக்கள் தாயின் குரலைத் தரும் வகையையே நாடின.

சில கிழமைகள் சென்றன. தாயின் காலடியோசை வாயிலிற் கேட்டதும், பால் கிடைக்குமுன்னரே, என் பேரப்பிள்ளை அழுகையை நிறுத்தக் கண்டேன். அதன்பின் நான் மகளைத் தடுக்கவில்லை.