ஊடுருவிக் காணும் ஒளி



இலஞ்சியில் வாழும் நமக்குச் சாரல் புதிதன்று. குற்றாலச் சாலையில் மூட்டம் இறங்கினால், எதிரே வரும் பேருந்தின் இரு விளக்குகளும் ஒரே வெண்படலமாய்த் தெரியும். நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம். இரண்டை இரண்டாகவே பிரித்துக் காட்டும் ஆற்றலைப் பகுதிறன் என்பர். உயிருள்ள திசுவினுள் ஆழ நோக்குவோர்க்கும் இதே இடர்தான்.

சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம், கருவிலிருந்த சிசுக்களின் மூளையை 5,132 மெல்லிய சீவல்களாகப் படம்பிடித்து 2024-இல் வெளியிட்டது. அரும்பணி அது. ஆயினும், இயங்கும் மூளையைச் சீவிப் பார்க்க இயலுமா? ஒளிதான் உட்சென்று மீள வேண்டும்.

ஓர் அணு இரண்டு ஒளித்துகள்களை ஒருங்கே ஏற்கக்கூடும் என்று மரியா கோப்பர்ட் மேயர் என்னும் அம்மையார் 1931-இல் கணித்து வெளியிட்டார். அவர் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலம் ஊதியமின்றியே ஆராய்ந்தவர். வேறோர் ஆய்வுக்காக 1963-இல் நோபல் பரிசு பெற்றார். லேசர் பிறந்தது 1960-இல். 1990-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் டெங்க், ஸ்ட்ரிக்லர், வெப் ஆகிய மூவர் அக்கணிப்பை நுண்ணோக்கியாக்கினர். அகச்சிவப்பு லேசர் திசுவில் குறைவாகவே சிதறும். துகள்கள் நெருங்கிக் குவியும் புள்ளியில் மட்டுமே, திசுவில் ஏற்றிய சாயம் ஒளிரும்.

ஒவ்வொரு புள்ளியாக வருடினால் காலம் நீளும். பல புள்ளிகளை ஒருங்கே வருடினால் விரைவு கூடும். ஆனால் மீளும் ஒளி சிதறி, பக்கத்துப் புள்ளிக்குரிய இடத்தில் விழுந்து படம் கலங்கும். அகச்சிவப்பின் அலைநீளம் பெரிதாதலால் பகுதிறனும் குன்றும். எனவே, புள்ளிகளின் ஒளியைப் பிரித்துப் பதிந்து, அது புறப்பட்ட இடத்திற்கே கணினியால் கொண்டு சேர்க்கின்றனர். கணிதத் திருத்தமும் கூடும்போது பகுதிறன் ஏறத்தாழ இருமடங்கு வரை உயரும். பேராழத்தில் இதற்கும் எல்லையுண்டு.

இதனை இங்கே ஏன் சொல்கிறோம்? நாங்கள் பயின்ற பள்ளியிலும் ஒரு நுண்ணோக்கி இருந்தது. மற்றப் பிள்ளைகள் அதில் கண் வைத்துப் பார்த்தனர். நம் தெருப் பிள்ளைகளுக்கோ அதன் படம் கரும்பலகையில் வரைந்து காட்டப்பட்டது. வெங்காயத்தோலின் செல்லை நாங்கள் முதன்முதலாகக் கண்டது, ஆசிரியரான பின்னரே.

ஆகவே ஒன்று வேண்டுகிறோம். இவ்வெள்ளிவிழா ஆண்டில் கழகத்தின் மாலை வகுப்பிற்கு ஒரு நுண்ணோக்கி வாங்குவோம். அந்த அலமாரிக்குப் பூட்டு வேண்டா.