குடாவுக்குக் காவலர் பலர். கரைக்குக் காவலர் யார்?

(கட்டைபறிச்சானில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் நியாயவாதி ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இந்தியாவின் வெளிநாட்டுக் கொள்கை. டில்லியிலும் கொழும்பிலும் பேச வேண்டியதைக் கட்டைபறிச்சானில் பேசுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கு விடை இந்த மண்ணிலேயே இருக்கிறது.

2006ஆம் ஆண்டில் சம்பூரையும் அயலூர்களையும் விட்டோடிய மக்கள், பின்னர் இவ்வூரிலும் பட்டித்திடலிலும் மணற்சேனையிலும் கிளிவெட்டியிலும் முகாம்களில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தார்கள். 2009இல் போர் முடிந்தது. ஆயினும் அவர்கள் வீடு திரும்பவில்லை. அவர்களுடைய காணியில் ஒரு பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. ஒரு பகுதி கடற்படை முகாமாயிற்று. 818 ஏக்கர் 2012இல் கைத்தொழில் வலயமென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. இந்தியாவும் இலங்கையும் கூட்டாக அமைக்க முற்பட்ட 500 மெகாவாட் அனல்மின் நிலையத்துக்கும் அங்கேயே இடம் குறிக்கப்பட்டது. 2015இலும் 2016இலுமே மக்கள் தம் காணியை மீண்டும் மிதித்தார்கள். அனல்மின் திட்டமோ 2016இல் கைவிடப்பட்டது. கட்டப்படாத ஒரு நிலையத்தின் நிழலில் மனிதர் பத்தாண்டு காத்திருந்தார்கள். வெளிநாட்டுக் கொள்கையைத் தேடி நாம் போகவில்லை. அதுவே நம் வேலியைத் தாண்டி வந்தது.

நண்பர்களே, நம் கொட்டியாரக் குடாவையும் திருக்கோணமலைத் துறைமுகத்தையும் நாடாத வல்லரசு இல்லை. போர்த்துக்கேயர் 1624இல் கோட்டை கட்டினர். ஒல்லாந்தர் வந்தனர். பிரெஞ்சுக்காரர் 1782இல் பிடித்தனர். ஆங்கிலேயர் 1795இல் கைப்பற்றினர். 1942 ஏப்பிரலில் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. 1948இல் சுதந்திரம் வந்த பின்னும் ஆங்கிலக் கடற்படை இங்கேயே இருந்தது. 1957 ஒக்டோபரிலேதான் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. கொடிகள் மாறின, கரையில் நெல் விதைத்தவனையும் வலை இழுத்தவனையும் எவரும் கலந்து பேசியதில்லை.

இன்று எழுச்சி பெற்று வரும் அயல் வல்லரசு இந்தியா. 1954இல் பஞ்சசீலத்தையும் 1955இல் பாண்டுங் மாநாட்டையும் முன்வைத்துப் பேசிய அந்நாடு, இன்று அமெரிக்கா, யப்பான், அவுஸ்திரேலியா ஆகியவற்றோடு நால்வர் அணியில் அமர்ந்திருக்கிறது. "அயலவர்க்கு முதலிடம்" என்பதைக் கொள்கையாகக் கூறுகிறது. 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீன நிறுவனமொன்றுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போயிற்று. 2022 ஆகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 என்ற கப்பல் அங்கு வந்து தங்கிற்று. இவற்றின் பின் டில்லியின் பார்வை திருக்கோணமலைமேல் மேலும் ஊன்றியதில் வியப்பில்லை. எந்த நாடும் தன் நலனைப் பேணவே வெளிநாட்டுக் கொள்கை வகுக்கிறது. 2022இல் இலங்கை கடனில் மூழ்கியபோது ஏறத்தாழ 400 கோடி டொலர் உதவியோடு முன்வந்ததும் இந்தியாவே. அதற்கு நன்றி கூறுவோம். ஆனால் நன்றி வேறு, கண்ணை மூடிக்கொள்வது வேறு.

1987 யூலை 29ஆம் திகதி கைச்சாத்தான இந்திய இலங்கை உடன்படிக்கையை ஒரு சட்டத்தரணி படிப்பதுபோல் வரி வரியாகப் படித்துப் பாருங்கள். அதில் இரு கூறுகள் உண்டு. ஒன்று மக்களைப் பற்றியது: வடக்கும் கிழக்கும் தமிழ் பேசும் மக்கள் வரலாற்று ரீதியாக வாழ்ந்த பிரதேசங்கள், அவை ஒரு மாகாணமாக இணையும், மாகாண சபை அமையும். மற்றது துறைமுகத்தைப் பற்றியது: இணைப்புக் கடிதங்களிலே, இந்திய நலனுக்குப் பாதகமாக இராணுவ நோக்கில் எந்நாடும் திருக்கோணமலையைப் பயன்படுத்தலாகாது; எண்ணெய்த் தாங்கிகள் இரு நாட்டுக் கூட்டு முயற்சியாகச் சீரமைக்கப்படும்.

இவ்விரு கூறுகளின் கதி என்ன? மக்களைப் பற்றிய கூற்றை எடுப்போம். இணைப்பை 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. கிழக்கு மாகாண சபைக்கு 2012இல் நடந்ததே கடைசித் தேர்தல். 2017இல் அதன் காலம் முடிந்தபின் ஆட்சி ஆளுநர் கைக்குப் போயிற்று. இனித் துறைமுகத்தைப் பற்றிய கூற்று. 2003இல் எண்ணெய்த் தாங்கிகள் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு 35 ஆண்டுக் குத்தகைக்கு இணங்கப்பட்டன. 2022 சனவரியில் புதிய ஒப்பந்தம்: 99 தாங்கிகளுள் 14 அக்கிளைக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. 2025 ஏப்பிரல் 5ஆம் திகதி சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்குத் தொடக்கம். அன்றே பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்பாடு. ஐக்கிய அரபு இராச்சியத்தையும் சேர்த்துத் திருக்கோணமலையை எரிசக்தி மையமாக்கும் உடன்பாடு.

ஒரே நாளில் பிறந்த இரு பிள்ளைகளுள் ஒன்று வளர்ந்தது, மற்றது நலிந்தது. காரணம் எளிது. துறைமுகக் கூற்றைக் கேட்டு வாங்க ஒரு வல்லரசு வாசலில் நின்றது. மக்கள் கூற்றைக் கேட்டு வாங்க நின்றவர் யார்?

இந்து சமுத்திரத்தின் நடுவே தியாகோ கார்சியா என்றொரு தீவு உண்டு. 1965இல் பிரித்தானியா சாகோஸ் தீவுக் கூட்டத்தை மொரீசியசிலிருந்து பிரித்து, தியாகோ கார்சியாவை அமெரிக்காவின் தளத்துக்கு விட்டுக்கொடுத்தது. 1973க்குள் அங்கு வாழ்ந்த குடிகள் யாவரும் அப்புறப்படுத்தப்பட்டனர். 1971இலே, இலங்கையின் முயற்சியால், ஐக்கிய நாடுகள் சபை இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமெனப் பிரகடனம் செய்தது. பிரகடனம் தாளில் இருந்தது. தீவின் குடிகள் கப்பலில் ஏற்றப்பட்டனர். 2025 மே மாதம் பிரித்தானியாவும் மொரீசியசும் புதிய உடன்படிக்கை செய்தபோதும், தம்மைக் கேளாமலே தம் தீவைப் பற்றி முடிவு செய்தார்கள் என்று சாகோஸ் மக்களிற் பலர் முறையிட்டனர்.

இனிச் சட்டத்திலிருந்து ஒன்று சொல்வோம். இருவர் செய்த ஒப்பந்தத்தின்மேல் மூன்றாம் ஆள் வழக்காட முடியாதென்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய நெறி. நம் நாட்டில் நிலவும் உரோம ஒல்லாந்தச் சட்டமோ சற்று இரக்கமுள்ளது. மூன்றாம் ஆளின் நன்மைக்காக ஒப்பந்தத்தில் வாசகம் இருந்து, அவன் முன்வந்து "இதை ஏற்கிறேன்" என்று சொன்னால், அவனுக்கு உரிமை பிறக்கிறது. அரசுகளுக்கிடையிலான உடன்படிக்கையை இந்நெறி ஆளாது என்பது உண்மை. ஆயினும் அதிலுள்ள பாடம் நமக்குரியது. முதலில் நம் பெயர் வாசகத்தில் இருக்க வேண்டும். பின்னர் நாமே முன்வந்து அதைக் கோர வேண்டும். வாய் திறவாதவனுக்கு எந்தச் சட்டமும் உரிமை தருவதில்லை.

கமக்காரர்களே, போகத் தொடக்கத்தில் எந்த நாளில் நீர் திறப்பது, எந்த நாளில் விதைப்பது என்பதைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நீங்கள் கூடித் தீர்மானிக்கிறீர்கள். கடைவாய்க்காலில் அரை ஏக்கர் செய்பவனுக்கும் அங்கு குரல் உண்டு. நீர்ப்பாசனச் சட்டமே அதற்கு இடந்தருகிறது. ஒரு மதகைத் திறக்க உங்களைக் கேட்க வேண்டும். ஒரு குடாவைக் குத்தகைக்கு விட உங்களைக் கேட்க வேண்டாமா?

ஆதலால் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம். இக்குடாவையும் கரையையும் தொடும் எந்த உடன்பாடும் கைச்சாத்தாகுமுன் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடப்பட வேண்டும்; பாராளுமன்றத்திலும், தேர்தல் மூலம் அமைந்த மாகாண சபையிலும் விவாதிக்கப்பட வேண்டும். உறுதிக் காணியாயினும் அனுமதிப்பத்திரக் காணியாயினும், கரைவலைப் பாடாயினும், உரியவரின் சம்மதமும் ஈடும் இன்றித் தொடப்படலாகாது. இங்கு விளையும் மின்சாரத்திலும் வருமானத்திலும் வேலையிலும் இப்பகுதிக்குரிய பங்கு எழுத்தில் இருக்க வேண்டும். இவற்றைக் கொழும்பிடம் கேட்போம், டில்லியிடமும் கேட்போம். கரையிலுள்ள மக்கள் மனம் ஒப்பிய துறைமுகமே பாதுகாப்பான துறைமுகம் என்பதை டில்லிக்கு எடுத்துரைப்பது நம் கடன்.

நமக்கு நாமே இட்டுக்கொள்ளும் வேலையும் ஒன்றுண்டு. போரில் உறுதிகள் எரிந்தன. எல்லைக் கற்கள் மறைந்தன. ஊர்தோறும் ஒரு பதிவேடு திறப்போம். எந்தக் காணி யாருடையது, நான்கெல்லை எவை, எந்தப் பாடு எந்தக் குடும்பத்தினது என்பதை முதியவர் உயிரோடிருக்கும்போதே எழுதி வைப்போம். தமிழரும் முஸ்லிம்களும் அயலிலுள்ள சிங்களக் கமக்காரரும் ஒருவர் பதிவை மற்றவர் சாட்சியாய் நின்று உறுதிப்படுத்துவோம். காணி கேட்டு அதிகாரி வரும் நாளில், அழுகையோடு அன்றி ஆவணத்தோடு நிற்போம்.

வல்லரசுகள் வரும், போகும். இக்குடாவில் அவற்றின் கப்பல்களுக்கு இடம் இருக்கட்டும். ஆனால் கரையில் முதல் இடம் கரையில் வாழ்பவனுக்கே. அதை எழுத்தில் பெறும்வரை இவ்வேலையை நாம் விடப்போவதில்லை.