எந்த வீட்டிற்கு எந்த நாய்?

(உழவர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)

ஊராட்சி மன்ற உறுப்பினர்களே, உழவர் பெருமக்களே!

உழவு மாடு வாங்கும்பொழுது நாம் சுழி பார்க்கிறோம். பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். ஏரில் பூட்டி நடக்கவிட்டும் பார்க்கிறோம். கறவை மாடாயின், இரண்டு வேளை கறந்து பார்த்த பின்னரே விலை பேசுகிறோம். ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நம் வாயிற்படியைக் காக்கப்போகும் நாயை மட்டும், குட்டி அழகாயிருக்கிறது என்ற ஒரே காரணத்திற்காகத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். ஓராண்டு கழிந்ததும் அந்தக் குட்டி வளர்ந்து, அண்டை வீட்டுக் கோழியைப் பிடிக்கிறது. களையெடுக்க வந்த பெண்களை விரட்டுகிறது. உடனே அதனை அவிழ்த்து ஊர் எல்லைக்கு அப்பால் விட்டுவருகிறோம்.

அவ்வாறு விடப்பட்ட நாய் மறைந்துபோவதில்லை. தெருநாய்க் கூட்டத்தோடு சேர்ந்து குட்டி ஈனுகிறது. பசித்தால் பட்டிக்குள் புகுகிறது. 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் நாய்கள் பட்டி பட்டியாக ஆடுகளைக் கடித்துக் கொன்றதையும், ஆடு இழந்த உழவர்கள் இழப்பீடு வேண்டிப் போராடியதையும் நாம் அறிவோம். ஆதலின் நாய் தேர்வது தனி ஒரு வீட்டின் விருப்பம் மட்டுமன்று. ஊர்ப் பொறுப்பும் ஆகும்.

நாயின் சாதி எதுவென்று கேட்பதற்கு முன், நம் வீடு எத்தகையது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தோட்டத்தின் நடுவே தனித்திருக்கும் வீடா? தெருவில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடா? நாளும் கூலியாட்களும் பால்காரரும் வந்துபோகும் இடமா? ஆடு கோழி உண்டா? சிறு குழந்தைகள் உளரா? எல்லாவற்றினும் மேலாக, காலையும் மாலையும் நாயை அவிழ்த்து நடத்திச் செல்ல யாருக்கு நேரம் இருக்கிறது?

தமிழ்நாட்டு நாய்களுள் புகழ் மிக்கது இராசபாளையம். பால் வெண்மை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, இரண்டேகால் அடி, இரண்டரை அடி உயரம். இதன் உருவம் 2005-ஆம் ஆண்டில் அஞ்சல் தலையிலும் இடம்பெற்றது. காவலில் சிறந்தது, ஆனால் வளர்ப்பவர் ஒருவரிடமே மனம் ஒட்டும் இயல்புடையது, அயலாரை எளிதில் நம்பாது. வேலியிட்ட தோட்டத்து வீட்டிற்கு இது பொருந்தும். ஆள் நடமாட்டம் மிகுந்த தெரு வீட்டில் கட்டிவைத்தால் நாய்க்கும் துன்பம், ஊருக்கும் துன்பம். தேனி மாவட்டத்து மலையடிவார ஊரின் பெயர் தாங்கிய கோம்பை நாயும் இத்தகையதே. செம்மஞ்சள் உடலும் கரிய முகமும் கொண்ட அந்நாயை, நாய் வளர்த்துப் பழகாதவர் முதல் நாயாக வாங்காதிருப்பதே நன்று என்பது நம் கருத்து.

சிப்பிப்பாறையும் கன்னியும் வேறு வகை. ஒட்டிய வயிறும் நீண்ட காலும் உடைய இவை, கண்ணால் கண்டதை ஓடிப் பிடிப்பதற்கென்றே தென்மாவட்டத்துக் கரிசல் நிலத்தில் வளர்க்கப்பட்டவை. சிப்பிப்பாறையையும் இராசபாளையத்தையும் கர்னாலில் உள்ள தேசிய கால்நடை மரபுவளச் செயலகம் 2020-ஆம் ஆண்டில் தனி இனங்களாகப் பதிவு செய்தது. அதன் பின்னர் இவற்றின்மீது மோகம் பெருகியிருக்கிறது. ஆனால் ஒன்றை மறத்தல் ஆகாது. முயல் வேட்டை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வேட்டைக்குக் கொண்டுசெல்லலாம் என்று எண்ணி வாங்குபவர் வழக்கைத்தான் விலைக்கு வாங்குகிறார். வேட்டை இல்லையெனினும் ஓட வேண்டும் என்னும் இயல்பு அந்நாயை விட்டு நீங்குவதில்லை. ஓட இடமின்றிச் சங்கிலியிலேயே கிடந்தால் அது முரடாகும். அவிழ்ந்த அன்று கண்ணில் பட்ட ஆட்டுக்குட்டியைத் துரத்தும். பரந்த நிலமும், கூட ஓடவிட்டு அழைத்துவர இளைஞரும் உள்ள வீட்டிற்கே இவை ஏற்றவை.

நிற்க. கிடை போடுவோரும் பட்டி வைத்திருப்போரும் இவ்வளவு தேட வேண்டுவதில்லை. ஆட்டோடு ஆடாகக் குட்டியிலிருந்தே வளர்ந்த நம் நாட்டு நாய் போதும். அது கூழும் மோரும் சோறும் உண்டு வாழப் பழகியது, வெயிலைத் தாங்குவது, வாங்க விலையும் இல்லை. தெருவில் உள்ள சிறு வீட்டிற்கும் அதுவே சாலச் சிறந்தது. பெண் குட்டி என்றால் பலர் ஒதுக்குகின்றனர். கருத்தடை செய்துவிட்டால் ஈற்றுத் தொல்லை இராது. பனிநாட்டில் சறுக்குவண்டி இழுக்கப் பிறந்த சைபீரிய நாயைக் கொண்டுவந்து சித்திரை வெயிலில் இரைக்க வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

குட்டி எடுக்கும்பொழுது எட்டு வாரம் நிரம்பியதா என்று கேளுங்கள். அதற்கு முன் தாயைப் பிரித்தால் குட்டி நோயிலும் நடத்தையிலும் நலிவுறும். தாயை நேரில் பாருங்கள். தாய் சொறியோடும் வெறித்த குணத்தோடும் இருப்பின் திரும்பிவிடுங்கள். இராசபாளையக் குட்டிகளிடம் மற்றொரு சோதனையும் வேண்டும். தூய வெண்ணிற நாய்களில் சில பிறவியிலேயே செவிடாக இருக்கும். குட்டி வேறு பக்கம் பார்த்திருக்கையில், அதன் பின்னே சற்றுத் தொலைவில் நின்று கை தட்டுங்கள். காற்று அதன்மேல் படாதிருக்கட்டும். காற்றுப் பட்டுத் திரும்பினால் காது கேட்டதாக எண்ணி ஏமாறுவோம். கேளாத நாய் காவலுக்கு உதவாது; திடுக்கிட்டால் கடிக்கவும் கூடும்.

விலை கொடுத்ததோடு செலவு முடிவதில்லை. குடற்புழு நீக்க மருந்தும், உண்ணி ஒழிப்பும், இளங்குட்டிகளைக் கொள்ளை கொள்ளும் பார்வோ கழிச்சலுக்குத் தடுப்பூசியும் உண்டு. மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்னர் ஆண்டுதோறும் தவறாது போட வேண்டும். குட்டிதானே கடித்தது என்று எவரும் வாளாவிருத்தல் கூடாது. கடிபட்ட இடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, மஞ்சளோ சுண்ணாம்போ மிளகாய்ப் பொடியோ அப்பாமல், அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்க.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் எந்தெந்த வீட்டில் எத்தனை நாய்கள் உள்ளன, அவற்றுள் எவை ஊசி போடப்பட்டவை என்று ஒரு குறிப்பேடு எழுதுங்கள். செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாள். அந்நாளையொட்டிக் கால்நடை உதவி மருத்துவரைக் கலந்து, ஊர்ப் பொதுவிடத்தில் ஊசி முகாம் நடத்த முன்கூட்டியே நாள் குறியுங்கள். முந்தின நாள் மாலை ஒலிபெருக்கியில் அறிவித்தல் வேண்டும். வெயில் ஏறுமுன் காலையிலேயே தொடங்குதல் நன்று. முரட்டு நாய்களை வாய்க்கட்டுடன் கடைசியாகக் கொண்டுவரச் சொல்லுங்கள்.