அதே கதவை மறுபடியும் தட்டுவது ஏன்?



"வயசாச்சுன்னா அப்படித்தான்" என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. அப்பா நடை தளர்ந்தாலும் அதே பேச்சு. அம்மா அடுப்பை அணைக்க மறந்தாலும் அதே பேச்சு. எது முதுமை, எது நோய் என்று பிரித்தறிய வேண்டாமா?

ஒரே ஒரு தடவை எடுக்கிற கணக்கு, 75 வயதுக்காரர் 50 வயதுக்காரரை விட மெதுவாக நடக்கிறார் என்று சொல்லும். அவர் எப்போது தளர்ந்தார், எதற்குப் பிறகு தளர்ந்தார் என்று சொல்லாது. அதற்கு அதே ஆளிடம் சில ஆண்டு கழித்துத் திரும்பப் போக வேண்டும். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 1992-இல் இதைத் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதே ஆட்களைத் தேடிப் போகிறார்கள். நம் நாட்டில் மும்பையிலுள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 2017-18-இல் முதல் சுற்றை நடத்தியது. 45 வயது நிறைந்தவர்களும் அவர்களுடைய கணவன் மனைவியருமாக 72,000 பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். அறிக்கை 2021-இல் வந்தது.

வெறும் கேள்வித்தாள் இல்லை இது. ரத்த அழுத்தம், கைப்பிடி வலு, நடை வேகம் எல்லாம் அளந்தார்கள். பத்து வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் வேறு விஷயம் பேசிவிட்டு அதே வார்த்தைகளை மறுபடி கேட்டார்கள். மனச்சோர்வு உண்டா என்றும் விசாரித்தார்கள்.

இங்கேதான் ஒரு சிக்கல். அடுத்த சுற்றுக்கு வரும்போது யார் கிடைக்கமாட்டார்கள்? மகன் ஊருக்குக் குடிபோனவர், படுத்த படுக்கையானவர், "இனி எதுக்கு?" என்று மறுப்பவர். தளர்ந்தவர்கள் விட்டுப்போய், திடமானவர்கள் மட்டும் மிஞ்சினால், முதியோர் எல்லாரும் சௌக்கியம் என்று கணக்கு பொய் சொல்லும். அதை நம்பித் திட்டம் போட்டால், உதவி தேவைப்படுகிறவருக்கே அது போய்ச் சேராது.

ஆகவே நண்பர்களே, கணக்கெடுப்பவர் வந்தால் வாசலோடு அனுப்பிவிடாதீர்கள். "அம்மாவுக்கு என்ன தெரியும், நான் சொல்றேன்" என்று முந்தாதீர்கள். மாத்திரைப் பெயரை நீங்கள் சொல்லலாம். அவர் நினைவாற்றலுக்கு நீங்கள் பரீட்சை எழுத முடியுமா? அவரே பேசட்டும்.

மாணவச் செல்வங்களே, நாளை இந்த வேலைக்கு நீங்களே போகலாம். பூட்டிய வீடு என்று எழுதிவிட்டு வந்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டில் விசாரித்து, அவரைத் தேடிப் போங்கள்.