வள்ளியின் சுற்றத்தாருக்கு எந்த முகம்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இவ்வாண்டு எமது சங்கம் மேடையேற்றிய ‘வள்ளி திருமணம்’ நாட்டிய நாடகத்திலே முகம் எழுதும் பொறுப்பை ஏற்ற ஐவர் சார்பில் பேச வந்திருக்கிறோம். “நாடகம் ஆடியவர்கள் இருக்க, மை பூசியவர்களுக்கு என்ன பேச்சு?” என்று சிலர் எண்ணக்கூடும். மையிலும் தருமம் உண்டு என்பதே எமது பதில்.

முதலில் எமது குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். நாங்கள் ஐவரும் மிஷன் பாடசாலையிலே படித்தவர்கள். எட்டாம் வகுப்பில் இருந்தபோது கலைவிழாவில் ‘காட்டுவாசிகள் நடனம்’ ஆடினோம். முகத்திலே அடுப்புக்கரி, இடுப்பிலே தழை, வாயிலே பொருளற்ற கூச்சல். சபை விழுந்து விழுந்து சிரித்தது. பரிசும் கிடைத்தது. கரி கலையாத முகத்தோடு லயத்துக்குத் திரும்பியபோது, எங்களில் ஒருவரின் அப்பாயி வாசலில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை.

“ஏன்டா தம்பி, கரியப் பூசிக்கிட்டுக் கத்துனா அதுதான் காட்டுச் சனமா? ஏங் கையப் பாரு. குறத்தி வந்து குத்துன பச்சை இது. இதையும் பாத்துச் சிரிப்பியா?” என்று கேட்டார்.

முழங்கை முதல் மணிக்கட்டு வரை புள்ளிக் கோலம். நடுவிலே ஒரு தேள். ஐம்பது வருஷம் கொழுந்து பறித்த கை அது. “தோடு அடகுக்குப் போகும், மூக்குத்தி மகளுக்குப் போகும், சாகும்போது கூட வர்ற நகை இது ஒண்ணுதான்” என்றார். அந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் பதில் இல்லை. இவ்வாண்டு இந்நாடகம் எங்கள் கைக்கு வந்தபோது அது மீண்டும் எங்கள் முன்னே வந்து நின்றது.

அன்பர்களே, வள்ளி யார்? வேடர் தலைவன் நம்பிராஜன் வளர்த்த மகள், தினைப்புனம் காத்தவள். முருகப்பெருமான் அவளைத் தேடி மலைக்குப் போனாரேயன்றி, அவளை மலையைவிட்டு வா என்று அழைத்து அனுப்பவில்லை. கதிர்காமத்திலே அவளை வேடர்குல மகளாகவே மக்கள் போற்றுகின்றனர். அறுபத்துமூவரில் ஒருவராகிய கண்ணப்பரும் வேடரே. கோயிலிலே வேடரை வணங்கிவிட்டு, மேடையிலே வேடரைக் கோமாளியாக்குவது எந்த நியாயம்? மாப்பிள்ளை வீட்டாருக்குப் பட்டும் முத்துவெள்ளையும், பெண் வீட்டாருக்கு அடுப்புக்கரியுமா?

எனவே நம்பிராஜனுக்கும் அவன் சுற்றத்தாருக்கும் மதிப்பான முகம் ஒன்றைத் தேடிப் புறப்பட்டோம். பழங்குடி மக்களின் கலைகளைப் புத்தகங்களிலும் படங்களிலும் பார்த்தோம். நீலகிரித் தோடரின் ‘புதுக்குளி’ என்னும் போர்வை எங்களை நிறுத்தி வைத்தது. வெள்ளைத் துணியிலே சிவப்பும் கறுப்புமாகத் தோடப் பெண்கள் இழைத்த பூவேலை. கோடு போட்டுக்கொண்டு தைப்பதில்லை. இழையை எண்ணியே தைக்கிறார்கள். 2013ஆம் ஆண்டில் இந்திய அரசு இதற்குப் புவிசார் குறியீடு வழங்கியது. மராட்டிய நாட்டு வார்லி மக்கள் அரிசிமாவைக் குழைத்து மண்சுவரிலே முக்கோணமும் வட்டமும் கோடுமாக உலகத்தையே எழுதிவிடுகிறார்கள். அவர்களுள் ஒருவரான ஜிவ்யா சோமா மாஷே 2011இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். எமது நாட்டு வேடர்களின் பாறைச் சித்திரங்களைத் தந்திரிமலையிலே காணலாம். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலும் அவர்களுடைய குகைச் சித்திரங்களைப் பற்றிப் பேசுகிறது.

இவற்றை அப்படியே பெயர்த்து முகத்தில் ஒட்டலாமா? கூடாது என்று முடிவு செய்தோம். நியூசிலாந்து மாவோரி மக்களின் முகக்கோலம் ஒருவரின் வம்சத்தையே சொல்வது. அதை மற்றவர் எழுதிக்கொள்வது பிறர் பெயரைத் திருடுவது போன்றது. புதுக்குளியும் தோடரின் இறுதிச் சடங்கிலே உடலைப் போர்த்தும் துணி. ஆகவே கோலத்தை எடுக்காமல் முறையை எடுத்தோம். தோடரிடம் எண்ணிக்கையையும், வார்லியரிடம் சிக்கனத்தையும் கற்றோம். கோலத்தை மட்டும் எங்கள் அப்பாயிமாரின் கைகளிலிருந்தே எடுத்தோம். யாரிடம் எதைக் கற்றோம் என்பதை நிகழ்ச்சி நிரலிலே அச்சிட்டோம்.

இனி வேலையின் விவரம். வருங்காலத்தில் இப்பணியை ஏற்கும் தம்பி தங்கையருக்கு இது பயன்படும்.

முகம் என்பது சுவர் அன்று, அது அசையும். வாயோரத்தைக் கடந்து குறுக்கே ஒரு கோடு இழுத்தால், நடிகன் வசனம் பேசும்போது கோடு உடைந்துபோகும். எனவே நெற்றியின் நடுக்கோட்டை முதலில் குறித்து, அங்கிருந்து விரலளவால் எண்ணி இருபுறமும் புள்ளி வைத்தோம். கன்னத்திலே கோடுகளை எலும்பின் வழியே விட்டோம். அடுத்தது தூரம். கையிலே அழகாகத் தெரியும் நுண்ணிய புள்ளி, கடைசி வரிசையில் இருப்பவருக்குத் தெரியாது. ஆகையால் புள்ளியைப் பெரிதாக்கி, வெள்ளைக்கு அருகிலே கறுப்பை நிறுத்தினோம். உடம்பிலே தோளையும் முன்கையையும் மட்டும் எழுதினோம். வில் வளைக்கும் கை அல்லவா? சபையின் கண் அங்கேதான் போகும்.

வண்ணங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒப்பனைக்கு ‘அரிதாரம்’ என்று பெயர் வந்ததே அப்பெயருடைய மஞ்சள் கனிமத்தால்தான். அது பாஷாணம் கலந்த பொருள். பழைய செந்தூரத்திலே ஈயம் உண்டு. முன்னோர் பூசினார்கள் என்பதற்காக நாமும் பூச வேண்டியதில்லை. சுவருக்கும் கதவுக்கும் அடிக்கும் பெயின்ற் எக்காரணத்தாலும் தோலில் படக்கூடாது. நாங்கள் கறுப்புக்கு விளக்குப் புகையைத் தேங்காயெண்ணெயில் குழைத்தோம். சிவப்புக்கு மஞ்சளிலிருந்து செய்த நல்ல குங்குமம். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பதை ஆரத்தி எடுக்கும் ஒவ்வொரு தாயும் அறிவார். ஆனால் சுண்ணாம்பு மிகுந்தால் தோல் எரியும். எதையும் முதல் நாளே முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பார்த்த பின்னரே முகத்தில் வைக்க வேண்டும். கலைக்கும்போது முதலில் தேங்காயெண்ணெய், பிறகு பயற்றமாவு.

எமது தோல்வியையும் சொல்லிவிடுகிறோம். வெள்ளைக்கு அரிசிமாவைக் குழைத்து முகத்திலும் எழுதினோம். போர்க் காட்சியிலே வியர்த்ததும் அது வெடித்து, ஒரு வேடனின் பாதி நெற்றி உதிர்ந்துவிட்டது. மாவு, அசையாத இடத்துக்கே ஆகும். ஒத்திகையிலே வியர்க்க வியர்க்க ஆடிப் பார்த்திருந்தால் இதை முன்கூட்டியே அறிந்திருப்போம்.

மற்றொரு பாடத்தைக் கூத்து வாத்தியார் ஒருவர் கற்பித்தார். மாசி மாதத்துக் காமன் கூத்துக்கும் இப்படிப் புதுமுகம் எழுதலாமா என்று ஆசையோடு கேட்டோம். “நாடகத்துல எழுதுங்க தம்பி. ரதி மதனுக்கு விரதம் இருந்து வேஷம் கட்டுறாங்க. அந்த முகத்துல கை வைக்கணும்னா நீங்களும் விரதம் இருந்து, எங்ககிட்ட வந்து படிச்சுக்கணும்” என்றார். சரி என்று வணங்கி வந்தோம். எங்கே மாற்றலாம், எங்கே மாற்றலாகாது என்று அறிவதும் கலையின் ஒரு பகுதியே. அடுத்த மாசிக்கு அவரிடம் படிக்கப் போகிறோம்.

நாடக இரவிலே வேடர்கள் மேடைக்கு வந்தபோது சபை சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த அப்பாயி, நாடகம் முடிந்ததும் பேரனின் நெற்றியை உற்றுப் பார்த்து, “ஏங் கைக் கோலத்த ஒன் நெத்தியில யாருடா எழுதுனது?” என்றார். அவ்வளவுதான். எட்டாம் வகுப்பில் வாங்கிய பரிசை இப்போது திருப்பிக் கொடுத்துவிட்டதாக எண்ணினோம்.

முடிவாகப் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். எம் மக்கள் இம்மலைகளுக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை 2023இல் நினைவுகூர்ந்தோம். அவர்கள் வரும்போது பெட்டி நிறையப் பொருள் கொண்டுவரவில்லை. தோலிலே கோலம் கொண்டுவந்தார்கள். பச்சை குத்திய கைகள் தோட்டந்தோறும் ஒவ்வொன்றாகக் குறைந்துவருகின்றன. அந்த நகை உடையவரோடேயே போய்விடுவது. ஆகவே உங்கள் கைகளை எங்களுக்குச் சிறிது நேரம் கொடுங்கள். ஒரு கொப்பியிலே அக்கோலங்களை எழுதிக்கொள்கிறோம். இளைஞர்களே, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் லயத்திலே தொடங்குங்கள். பென்சிலும் பொறுமையும் போதும்.