ஒன்றரை ஷிப்டும் சர்க்கரை மாத்திரையும்

ஊசியில் நூல் ஏறவில்லை. பனியன் கம்பெனியில் பலருக்கு நீரிழிவு அனுப்பும் முதல் சேதி இதுதான். நாற்பதைத் தாண்டிய டெய்லர் ஓவர்லாக் மிஷின் முன் உட்கார்ந்து, நூல் நுனியை நாக்கில் ஈரப்படுத்தி, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். மூன்றாம் முறையும் தவறிப்போக, பக்கத்தில் கைமடிக்கும் பெண்ணிடம் கொடுக்கிறார். "வெள்ளெழுத்து வந்துருச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். பெரும்பாலும் அது வெள்ளெழுத்தேதான். ஆனால் வெள்ளெழுத்து இந்த வாரம் வந்து அடுத்த வாரம் போவதில்லை. பார்வை சில நாள் மங்கியும் சில நாள் தெளிந்தும் அலைந்தால், இரத்தத்தில் ஏறியிறங்கும் சர்க்கரை கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் நீரளவை மாற்றிக்கொண்டிருக்கலாம். ஆறு மாதத்தில் இரண்டு தடவை பவர் மாற்றியவருக்குக் கண்ணாடிக் கடைக்காரர் செய்யக்கூடிய பெரிய உதவி, ஒரு சுகர் டெஸ்டுக்கு அனுப்பிவைப்பது.

மற்ற அறிகுறிகளுக்கும் இந்தப் பனியன் ஊரில் ஆளுக்கொரு காரணம் தயாராக இருக்கிறது. தாகமா, அயர்ன் டேபிளின் வெக்கை. அசதியா, நைட் ஷிப்ட். உடம்பு இளைத்துவிட்டதா, ஷிப்மென்ட் நேரத்து வேலைப்பளு. இரவில் நாலு தடவை சிறுநீர் கழிக்க எழுந்தால், குடித்த தண்ணீர். ஆறாத புண், தீராத அரிப்பு, காலில் எரிச்சல் எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானம் உண்டு. இந்தச் சமாதானங்களுக்கு நடுவில் நோய் வருடக்கணக்கில் சம்பளமில்லாத கூலியாளாக உள்ளே வேலை பார்க்கிறது. அறிகுறி எதுவுமே காட்டாமல் இருப்பவர்களும் ஏராளம்.

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948இல் டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கென்று தனிப்பிரிவு தொடங்கிய காலத்தில், இது மேசை நாற்காலிக்காரர்களின் வியாதி என்றுதான் ஊர் நினைத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து, 2023இல் லான்செட் குழும இதழில் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. வளர்ந்தவர்களில் நாட்டுச் சராசரி 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். ஏழு பேர் உட்காரும் ஒரு பவர் டேபிள் வரிசையில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஒருவர் குண்டாக இருக்க வேண்டும் என்பதில்லை. கையும் காலும் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உடல்வாகுதான் இங்கே ஆபத்து. வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் சேரும் கொழுப்பு இன்சுலினின் வேலையைத் தடுக்கிறது; கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது; ஒரு கட்டத்தில் களைத்துவிடுகிறது. இரண்டாம் வகை நீரிழிவின் கதை சுருக்கமாக இவ்வளவுதான்.

யாரை முதலில் சோதிப்பது? சென்னையில் டாக்டர் வி. மோகனின் குழு 2005இல் உருவாக்கிய இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணுக்கு மூன்று கேள்வியும் ஓர் இஞ்ச் டேப்பும் போதும். டேப் இந்த ஊரில் பஞ்சமில்லாத பொருள். முக்கால்வாசி டெய்லர் கழுத்தில் தொங்குகிறது. இடுப்பைச் சுற்றி ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லைக்கோடு; டேப்பின் மறுபக்கத்தில் சுமார் முப்பத்தைந்தரை இஞ்ச், முப்பத்தொன்றரை இஞ்ச். ஓவர்லாக் ஓட்டும் 42 வயதுப் பெண் ஒருவரைக் கணக்குக்கு வைத்துப் பார்க்கலாம். வயதுக்கு 20. இடுப்பளவு 34 இஞ்ச், அதற்கு 10. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, அதற்கு 10. உடற்பயிற்சியும் இல்லை, உடம்பை வருத்தும் வேலையும் இல்லை, 30. மொத்தம் 70. அறுபதைத் தொட்டாலே இரத்தப் பரிசோதனை தேவை. காலையிலிருந்து இரவுவரை மிஷினில் கிடப்பவரைப் பார்த்து வேலையே இல்லை என்று எழுதுவது அநியாயமாகத் தோன்றும். ஆனால் பெடலை மிதிக்கும் பாதம் மட்டும் அசைவதைத் தசைகள் உழைப்பாக எடுத்துக்கொள்வதில்லை. உடம்பு அலுத்துப்போகிறது, சர்க்கரை எரிவதில்லை.

அடுத்தது உறுதிசெய்வது. முகாம்களில் விரல் நுனியில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டர் ஒரு சல்லடை மட்டுமே. தீர்ப்பு, நரம்பில் எடுக்கும் இரத்தத்தில்தான். எட்டு மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து பார்க்கும்போது 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல். அறிகுறி இல்லாதவருக்கு இவற்றில் இரண்டு முடிவுகள் பொருந்திவர வேண்டும். தாகமும் இளைப்புமாக வருபவருக்கு, எந்த நேரத்தில் எடுத்தாலும் 200 தாண்டினால் போதும்.

வெறும் வயிறு என்ற சொல்லே நைட் ஷிப்ட்காரருக்குப் பிடிபடாத சொல். நிட்டிங்கிலோ சாயப்பட்டறையிலோ இரவெல்லாம் நின்றவர், விடிகாலை நாலு மணிக்கு டீயும் வர்க்கியும் சாப்பிட்டுவிட்டு, ஏழு மணிக்கு லேபில் கை நீட்டுகிறார். "இன்னும் காலைச் சாப்பாடு சாப்பிடலைங்க" என்கிறார், பொய்யில்லை. அவர் எப்போது தூங்கினார், கடைசியாக வாயில் என்ன போட்டார் என்று கேட்காமல் எழுதும் ரிசல்ட் வெறும் காகிதம். சாப்பிட்டுவிட்டும் எடுக்கலாம் என்பதால் எச்பிஏ1சி இங்கே வசதியானது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவு இந்த அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். அண்மையில் இரத்தம் இழந்திருந்தால் பொய்யாகக் குறைத்துக் காட்டும். ஹீமோகுளோபின் பார்க்காமல் எச்பிஏ1சியை மட்டும் நம்பக் கூடாது.

வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, அல்லது குளுக்கோஸ் குடித்த பின் 140 முதல் 199 வரை இருப்பவர்கள் வாசலில் நிற்பவர்கள். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு சென்னையில் நடத்தி 2006இல் வெளியிட்ட தடுப்பு ஆய்வில், உணவையும் நடையையும் மாற்றியவர்களிடம் மூன்றாண்டுகளில் நீரிழிவு வருவது கால்பங்குக்கு மேல் குறைந்தது. கர்ப்பகாலத்தில் சர்க்கரை கண்ட பெண்களும் இந்த வாசலில் நிற்பவர்களே. பிள்ளை பிறந்து அளவு சரியானதும் அந்தக் கோப்பு மூடப்பட்டுவிடுகிறது. வருடா வருடம் திறக்கப்பட வேண்டிய கோப்பு அது.

நோய் உறுதியானதும் முதல் சந்திப்பிலேயே இரத்த அழுத்தம், எடை, கொலஸ்ட்ரால், கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின், கண்ணின் விழித்திரை, பாதம் ஆகிய அனைத்தையும் பார்த்துவிட வேண்டும். பல ஆண்டு மறைந்திருந்த நோய் கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே சேதத்தையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம்.

உணவுப் பட்டியல் என்று மருத்துவமனைகளில் கொடுக்கும் அச்சிட்ட தாளைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் ஓட்ஸ் இருக்கிறது, சாலட் இருக்கிறது, பனியன் கம்பெனி டீ இல்லை. ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவருக்கு நாளில் நாலு டீ. டீக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் 40 கிராம் டீயிலேயே போய்விடும். கூடவே பஜ்ஜியோ பன்னோ. முதல் மாதம் இதை மட்டும் மாற்றினாலே அளவு இறங்குவது தெரியும். மதிய டப்பாவில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கொங்கு வீடுகளுக்குப் பழகிய கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு, கீரை, முட்டை ஆகியவற்றை வைக்கலாம். ராகிக் களிக்குக் கணக்கே இல்லை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நைசாக அரைத்த மாவில் கிண்டிய களி உருண்டை சோற்றைப் போலவே சர்க்கரையை ஏற்றும்; களியும் அளவோடுதான். இரவுச் சாப்பாடு பத்து மணிக்கு முடிந்து உடனே படுக்கை என்ற பழக்கத்தில், சாப்பிட்ட பின் பத்து நிமிடம் தெருவில் நடப்பது ஜிம்முக்குச் சந்தா கட்டுவதைவிட நடக்கக்கூடிய காரியம்.

மருந்தில் முதல் இடம் மெட்ஃபார்மினுக்கு. மலிவு, பழகியது, தனியாகச் சாப்பிட்டால் தாழ்சர்க்கரையை ஏற்படுத்துவது அரிது. 500 மில்லிகிராமில் சாப்பாட்டோடு தொடங்கி மெல்ல உயர்த்தினால் வயிற்றுப்போக்குத் தொந்தரவு குறையும். சிறுநீரகம் வெகுவாகத் தளர்ந்தவருக்கு ஆகாது. வருடக்கணக்கில் சாப்பிடுபவருக்கு பி12 பார்க்க வேண்டும். இரண்டாம் மாத்திரையை எழுதும்போதுதான் ஷிப்ட் நேரம் கேட்கப்பட வேண்டும். பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை.

கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை விலை குறைந்தவை, வேலை செய்பவை. ஆனால் மாத்திரை போட்டவர் நேரத்துக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும். பீஸ் ரேட்டில் தைப்பவர் காலை எட்டுக்கு மாத்திரை போட்டுவிட்டு, "இந்தக் கட்டு முடிச்சுட்டுப் போயிரலாம்" என்று ஒரு மணிச் சாப்பாட்டை இரண்டரைக்குத் தள்ளுகிறார். கை நடுங்குகிறது, நெற்றி வியர்க்கிறது, எதிரில் ஊசி ஓடிக்கொண்டிருக்கிறது. அளவு 70க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுத்து, தெளிந்த பின் சாப்பாடு. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸ்தான். லைன் சூப்பர்வைசரின் முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்திரிக்குப் பக்கத்தில் ஒரு பொட்டலம் சர்க்கரை இருக்க வேண்டும் என்பது பெரிய கோரிக்கையாகாது.

சாப்பாட்டு நேரம் நிலையில்லாதவருக்கு சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் வகை பொருந்தும். காப்புரிமைகள் முடிந்தபின் விலையும் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. டாபாகிளிஃப்ளோசின் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து அது. அங்கேதான் தொழிற்கூடத்தின் நிலைமை குறுக்கே வருகிறது. பாத்ரூம் போக எழுந்தால் வேலை தடைபடும் என்று பகலெல்லாம் தண்ணீரே குடிக்காத பெண்ணுக்கு இந்த மாத்திரை அரிப்பையும் தொற்றையும் நீர்வறட்சியையும் கொண்டுவரும். மருந்தில் கோளாறில்லை, கழிப்பறையில்தான் கோளாறு. ஆனாலும் மருத்துவர் எழுதும் முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எச்பிஏ1சி பத்தைத் தாண்டி உடம்பும் இளைத்தால், கீட்டோன் கண்டால், கர்ப்பம், கடும் தொற்று, அறுவைச்சிகிச்சை என்றால் இன்சுலின். ஊசி என்றாலே கடைசிக் கட்டம் என்ற பயம் தவறு. சிலருக்கு அது சில மாதம் மட்டுமே. பத்துக்குப் பத்து அறையில் ஐந்தாறு பேராகத் தங்கும் ஒடிசா, பீகார்த் தொழிலாளர்களிடம் ஃபிரிட்ஜ் கிடையாது. ஈரத் துணி சுற்றிய மண்பானைக்குள், தண்ணீர் படாதபடி மூடிய டப்பாவில் பயன்பாட்டில் உள்ள குப்பியை வைக்கலாம்.

மருந்து தொடங்கிச் சர்க்கரை வேகமாக இறங்கும்போது பார்வை இன்னும் மங்குவதுண்டு. மாத்திரைதான் கண்ணைக் கெடுத்தது என்று அங்கே நிறுத்துபவர்கள் பலர். லென்ஸ் பழைய நிலைக்குத் திரும்பச் சில வாரம் ஆகும். புதுக் கண்ணாடியை இரண்டு மாதம் கழித்து வாங்குவது காசுக்கும் நல்லது.

எச்பிஏ1சியை மூன்று மாதத்துக்கொரு முறை பார்த்து, பெரும்பாலோருக்கு 7 சதவீதத்துக்குள் கொண்டுவர வேண்டும். வயதானவர், தாழ்சர்க்கரை அடிக்கடி வருபவருக்கு 8 வரை விடலாம். இரத்த அழுத்தம் 130/80க்குள். நாற்பது கடந்தவர்களுக்குப் பெரும்பாலும் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின். விழித்திரை வருடம் ஒருமுறை. செக்கிங் பெண்ணுக்குக் கண்தான் கருவி. பாதத்தை மருத்துவர் நைலான் இழையால் தொட்டுச் சோதிக்க, வீட்டில் தினமும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். செருப்பை வாசலில் விட்டு உள்ளே போகும் சிறு கம்பெனிகளில், உணர்ச்சி மரத்த காலில் உடைந்த ஊசி நுனி ஏறியதே தெரியாமல் போகலாம். முதுகுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்துக்குத் தனி எதிரி. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் பஞ்சுத் தூசி என்று விடாமல் சளிப் பரிசோதனை; நீரிழிவுக்காரருக்குக் காசநோய் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. இந்த ஊரில் பகலில் பல வீடுகளின் வாசலில் பூட்டுத் தொங்கும். 2024இல் திட்டம் தொழிற்கூடங்களுக்கும் விரிந்தது அதனால்தான் பொருத்தமானது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு, கான்ட்ராக்டில், பீஸ் ரேட்டில் பெயர் பதியாமல் இருப்பவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையம்தான் வாசல். தீபாவளிக்கோ சத் பூஜைக்கோ ஊருக்குக் கிளம்பும் தொழிலாளிக்கு இரண்டு மாத மாத்திரையும், மருந்தின் பெயர், அளவு, கடைசி எச்பிஏ1சி ஆகியவற்றை இந்தியிலோ ஒடியாவிலோ எழுதிய ஒரு துண்டுச் சீட்டும் கையில் கொடுத்தனுப்பினால், ரயிலேறும் இடத்தோடு சிகிச்சை நின்றுபோகாது.